வேகம் குறையணும்... இழுவை குறையக் கூடாது!

பேட்டரி ஸ்பிரேயர், விதை நேர்த்தி டிரம், தூற்றும் விசிறி... சின்ன டி.சி. மோட்டாரை அடக்கி ஓட்டும் வழி

சின்னசேலம், தியாகதுருகம் பக்கத்து மக்காச்சோள வயல்களில் இப்போது பேட்டரி ஸ்பிரேயர் இல்லாமல் வேலை ஓடாது. விதைத்த 3 முதல் 5 நாளுக்குள் அட்ரசின் களைக்கொல்லி தெளிக்க வேண்டும். அடுத்த சில வாரங்களில் படைப்புழுவுக்கு மருந்து. 2018-ல் கர்நாடகாவில் கண்டறியப்பட்ட இந்தப் புழு, அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்குள்ளும் நுழைந்தது. அதற்குப் பிறகு மக்காச்சோளம் போட்டவர் தோளில் ஸ்பிரேயர் ஏறும் நாட்கள் கூடிவிட்டன.

கருவி ஒன்றுதான், வேலை இரண்டு. குருத்துக்குள் பதுங்கும் புழுவுக்குக் கூம்பு நாசில் போட்டு, நல்ல அழுத்தத்தில் சிறு துளியாக அடிக்க வேண்டும். களைக்கொல்லிக்கு அப்படியே தலைகீழ். விசிறி நாசில், குறைந்த அழுத்தம், கொஞ்சம் பருத்த துளி. அழுத்தம் ஏறினால் துளி புகையாகிக் காற்றில் போகும். மக்காச்சோளத்திலும் கரும்பிலும் அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி அடிப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். பக்கத்து நிலத்தில் பருத்தி இருந்தால், காற்றில் போன கொஞ்சம் மருந்தே போதும், இலைகள் விரல் விரலாகச் சுருங்கிவிடும். அது உரக்கடையில் தீரும் பிரச்னை இல்லை, பங்காளிச் சண்டையில் போய் நிற்கும் பிரச்னை.

ஆகவே, களைக்கொல்லி அடிக்கும்போது மோட்டார் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். புதிய ஸ்பிரேயர்கள் பலவற்றில் இதற்கென ஒரு திருகு இருக்கிறது. திருகு இல்லாத பழைய மெஷினுக்கு உள்ளூர்ப் பட்டறைகளில் ஒரு குறுக்கு வழி செய்து தருவார்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு ஹாலஜன் பல்பையோ, ஒரு மின்தடையையோ கோத்துவிடுவார்கள். வேகம் குறையும், சத்தமும் குறையும். வயலில் இறங்கி, டிரிக்கரை ஒருமுறை மூடித் திறந்த பிறகுதான் வினை ஆரம்பிக்கும். மோட்டார் முனகும், சுற்றாது. ‘வேகத்தைக் குறைச்சா இழுவையே இல்லீங்க’ என்பதுதான் வழக்கமாக வரும் புகார்.

வேகத்துக்கு வோல்ட், இழுவைக்கு ஆம்பியர்

பாடப் புத்தகத்தில் ‘முறுக்கு விசை’ என்று இருப்பதைத்தான் பட்டறையில் இழுவை என்கிறார்கள். காந்தமும் கார்பன் பிரஷ்ஷும் உள்ள சின்ன டி.சி. மோட்டாரில் வேகத்தை முடிவு செய்வது வோல்ட். இழுவையை முடிவு செய்வது அதன் சுருளில் ஓடும் ஆம்பியர். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார், தானே ஒரு சிறு டைனமோவும்கூட. அது பேட்டரிக்கு எதிராக ஒரு வோல்ட்டை உண்டாக்கிக்கொண்டே சுற்றுகிறது. சுமை ஏறினால் வேகம் சற்றுக் குறையும். உடனே எதிர் வோல்ட் குறையும். அதனால் பேட்டரியிலிருந்து கூடுதல் ஆம்பியர் பாயும், இழுவை கூடும். யாரும் சொல்லாமலே மோட்டார் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. நடுவில் மின்தடையை வைத்தால் கெடுவது இந்தக் குணம்தான். மோட்டார் கூடுதல் ஆம்பியர் கேட்கும் நேரம் பார்த்து, மின்தடை கூடுதல் வோல்ட்டைப் பிடுங்கிக்கொள்கிறது.

விதை நேர்த்தி டிரம்மை எடுத்துக்கொண்டால் கணக்கு தெளிவாகும். ஐந்து கிலோ விதைக்கு மோட்டார் எதற்கு, சாக்கில் போட்டு இரண்டு பேர் குலுக்கினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு ஏக்கர் சாமைக்கு வேண்டிய 4, 5 கிலோவுக்கு அது சரிதான். பத்து இருபது குடும்பங்களுக்குச் சேர்த்து உளுந்துக்கு ரைசோபியமும், மக்காச்சோளம், சாமைக்கு அசோஸ்பைரில்லமும் கலந்து கொடுக்கும் குழுவுக்கு அது கட்டுப்படியாகாது. அங்கே பழைய வண்டியின் வைப்பர் மோட்டார் நன்றாக உதவும். 12 வோல்ட், உள்ளேயே பல்சக்கரக் குறைப்பு, காயலான் கடையிலும் கிடைக்கும்.

அரை மீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 60 சுற்றைத் தொட்டால், விதை சுவரோடு ஒட்டிக்கொண்டு சேர்ந்தே சுற்றும். கலக்காது. அதில் பாதி, அதாவது 30 சுற்று அளவில்தான் விதை ஏறி ஏறிச் சரிந்து புரளும். எனவே 60-ல் ஓடும் மோட்டாரை 30-க்குக் கொண்டுவர வேண்டும். விதையைக் கூட்டிப் போட்டாலும் அது 30-ஐ ஒட்டியே நிற்க வேண்டும்.

கணக்குக்காக, மோட்டார் சுருளின் உள்தடை அரை ஓம் என்றும், வழக்கமான சுமைக்கு 2 ஆம்பியர் எடுக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் உள்தடையில் 1 வோல்ட் போக, 11 வோல்ட்டில் 60 சுற்று. 30 சுற்று வேண்டுமானால் 5.5 வோல்ட் போதும். மின்தடை வழியில் இதைச் சாதிக்க 2.75 ஓம் தடை வேண்டும். இதுவரை எல்லாம் சரி.

இப்போது விதையைக் கூட்டிப் போடுகிறோம். மோட்டார் 3 ஆம்பியர் கேட்கிறது. மின்தடையும் உள்தடையும் சேர்ந்து 9.75 வோல்ட்டைத் தின்றுவிட, மிஞ்சுவது 2.25 வோல்ட். டிரம் 30-லிருந்து 12 சுற்றுக்கு விழுகிறது. இன்னும் கொஞ்சம் விதை, 4 ஆம்பியர் வேண்டும் என்றால்? 13 வோல்ட் இருந்தால்தான் அது நடக்கும். இருப்பதோ 12. டிரம் நின்றுவிடும்.

முழுதாய்த் திற, முழுதாய் மூடு

இதற்கு மாற்றுதான் பி.டபிள்யூ.எம். ரெகுலேட்டர். பெயரைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. மின்தடை என்பது வாய்க்காலின் குறுக்கே மண்ணைப் போட்டு அடைப்பது. இது மடையை முழுதாய்த் திறப்பதும் முழுதாய் மூடுவதுமாக இருப்பது. திறந்திருக்கும் நேரத்தில் முழு 12 வோல்ட், மூடியிருக்கும் நேரத்தில் ஒன்றுமில்லை. இதை நொடிக்கு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் செய்வதால் மோட்டாருக்கு அந்த வெட்டு தெரிவதில்லை, சராசரி வோல்ட்தான் தெரிகிறது. திருகைத் திருப்பும்போது மாறுவது, திறந்திருக்கும் நேரத்தின் பங்கு.

அதே டிரம்முக்கு இதை மாட்டினால், சராசரி 6.5 வோல்ட்டில் 2 ஆம்பியர், 30 சுற்று. சுமை ஏறி 3 ஆம்பியர் ஆனால், உள்தடையில் மட்டும் 1.5 வோல்ட் போய், 5 வோல்ட் மிஞ்சும். 27 சுற்று. 4 ஆம்பியரில் மின்தடை வழியில் நின்றுபோன அதே டிரம், இங்கே கிட்டத்தட்ட 25-ல் ஓடிக்கொண்டிருக்கும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதும் வித்தியாசம் பெரிது. மின்தடை வழியில் அதிகபட்சம் 3.7 ஆம்பியர்தான் பாய முடியும். இதில் 13 ஆம்பியர்.

பேட்டரிக் கணக்கையும் பார்த்துவிடலாம். மின்தடை வழியில் பேட்டரி எப்போதும் 2 ஆம்பியர் கொடுக்கிறது. அதில் பாதிக்கு மேல் வேலைக்கு வராமல் சூடாகவே வீணாகிறது. பி.டபிள்யூ.எம். வழியில் திறந்திருக்கும் நேரம் மட்டுமே பேட்டரி உழைப்பதால் சராசரி 1.1 ஆம்பியர். 8 ஏ.எச். பேட்டரி முன்னதில் 4 மணி நேரம் என்றால், பின்னதில் 7 மணி நேரத்துக்கு மேல். வயலில் இவ்வளவு வராது என்றாலும் விகிதம் இதுதான்.

1895 முதல் 1953 வரை சென்னையில் மின்சார டிராம் ஓடியது. அந்தக் கால டிராம்கள் கிளம்புவது மின்தடை வழியில்தான். ஓட்டுநர் கைப்பிடியைத் திருப்பத் திருப்ப, தடைகள் ஒவ்வொன்றாக விலகி வண்டி வேகமெடுக்கும். இன்றைய மின்சார ஸ்கூட்டர்கள் மடையைத் திறந்து மூடும் வழிக்கு வந்துவிட்டன. அதே வித்தைதான் சில நூறு ரூபாய்க்குச் சிறு போர்டாகக் கடையில் கிடைக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. ரெகுலேட்டர் இழுவையை உண்டாக்குவதில்லை. மோட்டாரிடம் இருக்கும் இழுவையைக் கெடுக்காமல் விடுகிறது, அவ்வளவுதான்.

இழுவை பிறக்கும் இடம் கியர்

இழுவையையே கூட்ட வேண்டும் என்றால் கியருக்குத்தான் போக வேண்டும். கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் பஸ்ஸில் உட்கார்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் கியரைக் குறைப்பார். இன்ஜின் வேகமாகவே ஓடும், சக்கரம் மெல்லச் சுற்றும், வண்டி ஏறும். மோட்டாரில் 14 பல் சக்கரம், டிரம்மில் 42 பல் சைக்கிள் சக்கரம், நடுவில் சங்கிலி. வேகம் மூன்றில் ஒன்றாகும், இழுவை ஏறக்குறைய மூன்று மடங்காகும்.

எப்போதும் மெதுவாகவே ஓட வேண்டிய கருவிக்கு முதலில் கியரோ, சங்கிலியோ, பெல்ட்டோ போட்டு வேகத்தைக் குறைத்துவிட்டு, நுணுக்கமாக ஏற்றி இறக்க மட்டும் ரெகுலேட்டரை வைப்பதே நல்லது. முழு வேக மோட்டாரை ரெகுலேட்டரால் மட்டுமே பத்தில் ஒரு பங்குக்கு இறக்க நினைப்பவர்கள் மோட்டாரைச் சுட்டுக்கொள்வார்கள். வேகம் குறைந்தால் மோட்டார் ஆறுவதும் குறைகிறது, சுமைக்கான ஆம்பியரோ குறைவதில்லை. மூன்றில் ஒரு பங்கு வேகத்துக்குக் கீழே நெடுநேரம் ஓட்டாமல் இருப்பது பத்திரம்.

விசிறிக்கு இந்தப் பாடு இல்லை

கல்வராயன் மலையில் சாமையைக் களத்தில் தூற்ற, காற்றுக்காகக் காத்திருக்கும் வேலை இன்னும் இருக்கிறது. சாமையின் ஆயிரம் மணி எடை 2, 3 கிராம்தான். காற்று கொஞ்சம் கூடினால் பதரோடு மணியும் பறக்கும், குறைந்தால் பதர் தங்கும். அதனால் பேட்டரி விசிறி வைத்துத் தூற்றுபவருக்கு வேகத்தைத் துல்லியமாக வைக்கும் வசதி அவசியம். ஆனால், விசிறியின் சுமை டிரம்மைப் போன்றதல்ல. வேகத்தைப் பாதியாக்கினால் அது கேட்கும் இழுவை கால் பங்காகிவிடும், கேட்கும் சக்தி எட்டில் ஒரு பங்கு. இழுவை போய்விடுமோ என்ற கவலையே இங்கு இல்லை. மின்தடை வைத்தாலும் விசிறி ஓடும். மலையில் பேட்டரியைச் சார்ஜ் செய்ய அலைவதை நினைத்தால், அங்கேயும் பி.டபிள்யூ.எம். வைப்பதே லாபம்.

ஸ்பிரேயர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நாசில் திறந்திருக்கும்போது விசிறி மாதிரி. பம்ப் மெதுவாகச் சுற்றினால் தண்ணீர் குறையும், அழுத்தம் அதைவிட வேகமாகக் குறையும், சுமையும் இறங்கும். டிரிக்கரை மூடியதும் கதை மாறுகிறது. ஹோஸில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். நல்ல நிலையில் இருக்கும் மோட்டார் அந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளி, பிரஷர் சுவிட்ச் ‘டக்’கென்று துண்டிக்கும் அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தும். மின்தடை கோத்த மோட்டாருக்கு அந்த அளவை எட்ட இழுவை இருக்காது. சுவிட்ச் துண்டிக்காது, மோட்டாரும் சுற்றாது, ஆம்பியர் மட்டும் சுருளில் பாய்ந்து சூடேறிக்கொண்டிருக்கும். முனகல் சத்தம் அதுதான். ரெகுலேட்டர் திருகை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் இதே நிலை வரலாம். எனவே திருகை வைத்த பிறகு டிரிக்கரை மூடிப் பார்க்க வேண்டும். சுவிட்ச் துண்டித்து மோட்டார் அமைதியானால் சரி. முனகினால் திருகைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

மோட்டார் ஓடும்போது 3, 4 ஆம்பியர் எடுத்தாலும் கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு இழுக்கும். ஆகவே, 10 ஆம்பியருக்குக் குறைந்த போர்டை ஸ்பிரேயருக்கு வாங்க வேண்டாம். வைப்பர் மோட்டாருக்கு 20 ஆம்பியர் போர்டு. பேட்டரியின் பிளஸ் முனையிலேயே ஒரு ஃபியூஸ் வைக்க வேண்டும். விதை சிக்கி டிரம் நின்றால், முதலில் போவது மோட்டாராக இல்லாமல் ஃபியூஸாக இருக்கட்டும்.

வைப்பர் மோட்டாரில் ஒரு சிக்கல் உண்டு. பல மோட்டார்களில் மைனஸ் முனை தனி வயராக வராமல் மோட்டார் உடம்போடு சேர்ந்திருக்கும். மலிவான போர்டுகள் பெரும்பாலும் மைனஸ் பக்கத்தைத்தான் திறந்து மூடுகின்றன. மோட்டார் உடம்பு இரும்புச் சட்டத்தைத் தொட்டு, அந்தச் சட்டம் பேட்டரி மைனஸையும் தொட்டால், மின்சாரம் போர்டைச் சுற்றிக்கொண்டு போய்விடும். திருகு எங்கே இருந்தாலும் மோட்டார் முழு வேகத்தில் ஓடும். மோட்டாருக்கும் சட்டத்துக்கும் நடுவில் பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்து, போல்ட்டுக்கும் பிளாஸ்டிக் வாஷர் போட்டால் தப்பிக்கலாம்.

மெல்லிய ‘கொய்ங்’ சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், அது வெட்டி வெட்டிக் கொடுப்பதன் சத்தம். வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் ஏ.சி.க்கானது, இங்கே வேலைக்கு ஆகாது. பிரஷ் இல்லாத பி.எல்.டி.சி. மோட்டாருக்கும் இந்த போர்டு பொருந்தாது, அதற்கென்று தனிக் கன்ட்ரோலர் வேண்டும். ஸ்பிரேயருக்குள் வைப்பதானால் மருந்துத் தண்ணீர் படாத டப்பாவில் போர்டை அடைத்து வைக்க வேண்டும். ஒருநாள் ஒழுகினால் போதும், போர்டு அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரியாத மின்தடை

புது போர்டு வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இழுவை போய்விட்டது என்று பட்டறைக்கு வரும் ஸ்பிரேயரில் மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் வயர் முனைகளைப் பார்க்க வேண்டும். மருந்தும் ஈரமும் பட்டுப் பச்சை பூத்த முனை, நெகிழ்ந்துபோன கிளிப், ஒடிந்து நாலு இழையில் தொங்கும் வயர். ஒவ்வொன்றும் யாரும் கோக்காமலே வந்து உட்கார்ந்த மின்தடை. அரை ஓம் உள்தடை உள்ள மோட்டாருக்கு முன்னால் இன்னொரு அரை ஓம் சேர்ந்தால், கிளம்பும் ஆம்பியர் 24-லிருந்து 12 ஆகிவிடும். பாதி இழுவை அங்கேயே போச்சு.

மல்டி மீட்டர் இருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். மோட்டார் சுமையோடு ஓடும்போது பேட்டரி முனையில் ஒரு வோல்ட் அளவு, ரெகுலேட்டரை முழுசாகத் திறந்து வைத்து மோட்டார் முனையில் ஓர் அளவு. இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கோ கசடு இருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முனையைப் புதிதாக அழுத்தி, கொஞ்சம் வாஸ்லைன் தடவினால் போதும். செலவு பத்து ரூபாய் இருக்காது.

பேட்டரி இறங்குவதும் வேகத்தைத் தின்னும். மேற்கு ஆப்பிரிக்கப் பருத்தி விவசாயிகள் 1970-களில், டார்ச் லைட் செல்லில் ஓடும் சுழல்தட்டுத் தெளிப்பானைப் பயன்படுத்தினார்கள். செல் இறங்க இறங்கத் தட்டின் வேகம் குறையும், துளி பருத்துவிடும். வேகத்தை அடிக்கடி சோதித்து, செல்லை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. நம் 12 வோல்ட் பேட்டரியும் காலையில் இருந்த அளவில் மதியம் இருப்பதில்லை. சாதாரண ரெகுலேட்டருக்கு அது தெரியாது, கையால்தான் திருகைக் கொஞ்சம் ஏற்றிக்கொள்ள வேண்டும். லெட் ஆசிட் பேட்டரி 10.5 வோல்ட்டுக்குக் கீழே போனால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவது பேட்டரிக்கு நல்லது.

வாளி வைத்து ஒரு சோதனை

எல்லாம் மாட்டிய பிறகு, களைக்கொல்லியைக் கலக்கும் முன், வெறும் தண்ணீரில் பார்த்துவிட வேண்டும். விசிறி நாசிலைப் போட்டு, திருகை வேண்டிய இடத்தில் வைத்து, ஒரு நிமிடத்தில் வரும் தண்ணீரை அளவு ஜாடியில் பிடிக்க வேண்டும். டேங்க் நிறைய இருக்கும்போது ஒருமுறை, பாதியில் ஒருமுறை, நாலைந்து டேங்க் ஓடி பேட்டரி இறங்கிய பிறகு ஒருமுறை. மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் மோட்டார் சொன்னபடி கேட்கிறது என்று பொருள். கடைசி அளவு மட்டும் இறங்கியிருந்தால் பேட்டரியைப் பார்க்க வேண்டும். டிரிக்கரை மூடித் திறந்த பிறகு இறங்கினால் வயர் முனையைப் பார்க்க வேண்டும்.

அடுத்து, 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம் ஒன்றைக் கயிறு பிடித்துக் குறித்து, வயலில் நடக்கும் அதே நடையில் தெளிக்க வேண்டும். ஏக்கரில் இது நாற்பதில் ஒரு பங்கு. 5 லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 200 லிட்டர், அதாவது ஹெக்டேருக்கு 500 லிட்டர். முளைக்கும் முன் அடிக்கும் களைக்கொல்லிக்குப் பரிந்துரைக்கப்படும் தண்ணீர் அளவு இதுதான். 16 லிட்டர் டேங்க் என்றால் ஏக்கருக்குப் பன்னிரண்டரை டேங்க். ஓர் ஏக்கருக்கான மருந்தை அத்தனை டேங்குக்கும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 5 லிட்டருக்குக் குறைவாகச் செலவானால் திருகை ஏற்றுவதைவிட நடையைக் கொஞ்சம் தளர்த்துவது நல்லது. அழுத்தம் ஏறாது, புகையும் பறக்காது. மக்காச்சோளத்துக்குள் உளுந்தோ தட்டைப்பயறோ ஊடுபயிராக இருந்தால், அந்த நிலத்தில் அட்ரசினே வேண்டாம்.